இதயத்திற்குக் காவல் இருக்கும் இரவு

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்தது பெருமாட்டி. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும் பகுதி அது. செவிலியர் கல்வி கற்றுக் கடல் கடந்து செல்லும் பெண்களை நம் பக்கத்துக் குடும்பங்களும் அறியும். அமெரிக்காவில் பணிபுரியும் மகளை, “என்ன வேலையம்மா?” என்று தாய் கேட்டால், “ராத்திரி முழுவதும் மிஷினைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்” என்பாள் அவள். அந்த ‘அவ்வளவுதா’னுக்குள் அடங்கியிருப்பது யாது என்பதை நாம் அறிந்துகொள்ளல் நன்று.

இதயநோயாளியின் மார்பில் சிறு வில்லைகளை ஒட்டி, அவற்றைச் சட்டைப்பையிலுள்ள ஒரு சிறு பெட்டியோடு இணைக்கிறார்கள். இதயத்தின் மின்துடிப்பு காற்றுவழியே சென்று, செவிலியர் முன்னுள்ள திரையில் கோடாக ஓடுகிறது. நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. கீழறைகள் ஒழுங்கிழந்து நடுங்கத் தொடங்கினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். மின்னதிர்ச்சி தரத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறையும்.

ஆகையால் மருத்துவர் வரும்வரை காத்திருக்க இயலாது. இதனை உணர்ந்தே, 1960-களில் பிலடெல்பியாவில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சரும் ரோஸ் பின்னியோ என்னும் செவிலியரும், மின்னதிர்ச்சி தரும் பொறுப்பைச் செவிலியர் கையிலேயே ஒப்படைக்கும் முறையை வளர்த்தார்கள். 1965-இல் அவர்கள் பங்குகொண்ட செவிலியர் கைந்நூலும் வெளிவந்தது.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. நோயாளி பல் துலக்கினால்கூடத் திரையில் அபாயக் கோடு போன்றே தோன்றும், மணியும் ஒலிக்கும். ஒலிக்கும் மணிகளுள் நூற்றுக்கு 85 முதல் 99 வரை சிகிச்சை தேவையற்றவை என்று 2013-இல் அமெரிக்க மருத்துவமனை தரச்சான்று அமைப்பொன்று எச்சரித்தது. பொய்மணிக்குப் பழகிய செவி மெய்மணியைத் தவறவிடலாம். விடியற்காலை மூன்று மணிக்கு, உடல் உறக்கத்தை வேண்டும் வேளையில், இரண்டையும் பிரித்தறிவதே அவள் தொழில்.

பயணச் செவிலியருக்கோ இன்னுமொரு சுமை. பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம். பின்னர் வேறு ஊர், வேறு மருத்துவமனை. அவசரமருந்து வண்டி நிற்கும் இடம் முதல் மணி ஒலிக்கும் எல்லை வரை அனைத்தையும் புதிதாய்க் கற்கவேண்டும். தோழமை முதிரும்போதே பெட்டியைக் கட்டவேண்டும்.

இனி, நம் கடமையைக் கூறுவோம். மாலை ஏழு மணி முதல் காலை ஏழு மணி வரை அவள் பணி. நியூயார்க்கில் கோடையில் காலை 9 மணிக்கு அவள் படுக்கும்போது பெருமாட்டியில் மாலை 6.30, விளக்கேற்றி, “பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசுவோம்” என்று வீட்டார் தொலைபேசியை எடுக்கும் நேரம்! அன்பினால் அடிக்கும் அந்த மணியும் அவள் உறக்கத்தைக் கலைக்கும் மணியே. அவளோ அழைப்பை மறுக்கமாட்டாள். “தூங்கவில்லையம்மா” என்று பொய்யும் சொல்லுவாள். அன்றிரவு அவளை நம்பிப் படுத்திருப்பவர் யாரோ ஒருவரின் தாய் அல்லது தந்தை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆதலின் அவள் வேலை நாட்களைக் கேட்டறிந்து சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்நாட்களில் நம் ஊர்க் காலை 5.30-க்கு அழைத்தாலும், அங்கே இரவு 8 மணி என்பதால் அவள் பணியில் இருப்பாள். ஆகவே விடுமுறை நாளுக்குக் காத்திருங்கள். உடன் வாழும் கணவரும் குழந்தைகளும் பகலில் திரையிட்டு அமைதி காக்கட்டும். பிறர் இதயத்திற்குக் காவல் இருப்பவளின் உறக்கத்திற்கு நாம் காவல் இருப்போமாக.