வதிவுரிமையும் அதன் சான்றும்: பிரெக்சிட்டுக்குப் பிந்தைய பிரித்தானியாவில் ஐரோப்பியக் குடிமக்களின் சட்டநிலை

முன்னுரை

2016 ஜூன் 23 அன்று நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதென ஐக்கிய இராச்சியம் முடிவெடுத்தபோது, ஒன்றியத்தின் பிற நாடுகளைச் சேர்ந்த 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அந்நாட்டில் வாழ்ந்துவந்தனர். அவர்கள் விசா பெற்றுக் குடியேறியவர்கள் அல்லர். கட்டற்ற நடமாட்டம் என்னும் ஒன்றியச் சட்டக் கோட்பாட்டின் வழியே வந்து, பணிபுரிந்து, வரி செலுத்தி, குடும்பம் அமைத்தவர்கள். 2020 ஜனவரி 31 அன்று விலகல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 31 உடன் இடைமாற்றக் காலமும் முடிவுற்றது. ஏற்கெனவே குடியேறியோர் தொடர்ந்து வாழலாம் என்பதில் இரு தரப்பிற்கும் வேறுபாடு இருக்கவில்லை. விலகல் உடன்படிக்கையின் இரண்டாம் பகுதி இவ்வுரிமையை விரிவாகவே வரையறுக்கிறது. ஆனால் அவ்வுரிமை உடையவர் இன்னார் என்பதை எதைக்கொண்டு மெய்ப்பிப்பது என்னும் வினா எளிதில் விடைபெறவில்லை. உரிமைக்குச் சான்று என்றிருந்த நிலை மாறிச் சான்றே உரிமையாகிப்போன போக்கையும், அதனால் எழுந்த சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிவிக்கும் சான்றும் ஆக்கும் சான்றும்

ஒருவரின் பிறப்புச் சான்றிதழ் தொலைந்துபோனால் அவர் பிறந்த செய்தி பொய்யாகிவிடுவதில்லை. ஒன்றியச் சட்டம் வதிவிட அட்டையை இவ்வாறே கருதியது. 1976-இல் ரோயர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், குடியிருக்கும் உரிமை ஒப்பந்தத்திலிருந்தே நேராகப் பிறக்கிறது, அரசு வழங்கும் அனுமதிச்சீட்டு அதனை உறுதிசெய்ய மட்டுமே உதவுகிறது எனத் தெளிவுபடுத்தியது. எனவே பிரித்தானியாவில் பல்லாண்டுகள் வாழ்ந்த ஐரோப்பியருள் பலரிடம் வதிவிட ஆவணம் எதுவும் இருக்கவில்லை. அதற்கான தேவையும் எழவில்லை.

விலகல் உடன்படிக்கையின் 18-ஆம் உறுப்பு இதனை மாற்றிக்கொள்ள வழிவிட்டது. ஒரு நாடு பழைய முறையையே பின்பற்றலாம். அங்கு உரிமை தானாகவே தொடரும், ஆவணம் அதனை அறிவிக்கும். அல்லது புதிய தகுதிக்கு விண்ணப்பிக்குமாறு கட்டாயப்படுத்தலாம். அங்கு விண்ணப்பித்துப் பெறும் தகுதியே உரிமையை ஆக்கும். தம் நாடுகளில் வாழ்ந்த பிரித்தானியர்களுக்கு ஜெர்மனி, ஸ்பெயின், இத்தாலி போன்றவை முதல் வழியையும் பிரான்ஸ், நெதர்லாந்து, ஸ்வீடன் போன்றவை இரண்டாம் வழியையும் தேர்ந்தன. பிரித்தானியா இரண்டாம் வழியை ஏற்றது.

இத்தேர்வுக்கு அரசு கூறிய காரணம் வின்ட்ரஷ் நிகழ்வு. 1973-க்கு முன் கரீபியன் முதலிய காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்தோர்க்குச் சட்டம் வதிவுரிமை அளித்தது, ஆயின் சான்று அளிக்கவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின் சான்று கேட்கப்பட்டபோது அவர்களுள் பலர் வேலையையும் வீட்டையும் இழந்தனர், சிலர் நாடுகடத்தவும்பட்டனர். அவர்தம் வருகைப் பதிவுச்சீட்டுகளை உள்துறை அமைச்சகமே 2010-இல் அழித்துவிட்டிருந்தது என்பது 2018-இல் வெளிப்பட்டது. அனைவரையும் பதியவைத்தால் இத்தகைய அவலம் மீண்டும் நேராது என்பது அரசின் வாதம். வாதத்தில் உண்மை உண்டு. எனினும், பதியத் தவறியவர் சான்றை மட்டுமன்றி உரிமையையும் இழப்பார் என்பதை அவ்வாதம் மறைத்துவிடுகிறது. வின்ட்ரஷ் தலைமுறையினர் சான்றின்றித் தவித்தபோதும் சட்டப்படி அவர்களின் உரிமை அழியவில்லை. அதனாலேயே பின்னர் அவர்களுக்கு இழப்பீடு கோர இயன்றது.

தீர்வைத் திட்டமிட்டபடி நடத்திய விதம்

ஐரோப்பிய ஒன்றியக் குடியேற்றத் திட்டம் 2019 மார்ச் 30 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து வாழ்ந்தவர்க்கு ‘செட்டில்டு’ எனப்படும் நிரந்தரத் தகுதியும், அதற்குக் குறைவாக வாழ்ந்தவர்க்கு ‘பிரீ-செட்டில்டு’ எனப்படும் இடைக்காலத் தகுதியும் வழங்கப்பட்டன. முதலில் அறிவிக்கப்பட்ட 65 பவுண்டு கட்டணம் கைவிடப்பட்டது. ஒன்றியச் சட்டம் வேலையற்றோரிடம் எதிர்பார்த்த மருத்துவக் காப்பீட்டையும் பிரித்தானியா கேட்கவில்லை. குடியிருந்தால் போதும் என்றது. இவ்வகையில் திட்டம் தாராளமானதே. தேசியக் காப்பீட்டு எண்ணைக்கொண்டு வரி, நலத்திட்டப் பதிவேடுகளைக் கணினியே சரிபார்த்தது. மாத ஊதியம் பெற்றவர்க்கு இது சில நிமிட வேலை. ஊதியப் பணியில் இல்லாத பெண்களும் ரொக்கக் கூலி பெற்றோரும் வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, மருத்துவர் கடிதம் எனத் தேடித் திரட்ட வேண்டியிருந்தது.

2021 ஜூன் 30 என்ற கடைசி நாளுக்குள் 60 இலட்சத்திற்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. முன்னர் மதிப்பிடப்பட்ட தொகையைவிட இது மிகுதி. எத்தனை பேர் இருந்தனர் என்பது அரசுக்கே தெரியாதிருந்ததால், எத்தனை பேர் விடுபட்டனர் என்று கணக்கிடவும் வழியில்லை. பழைய சட்டப்படி நிரந்தர வதிவிட அட்டையை முன்பே பெற்றிருந்தோர் நிலை இங்குக் குறிப்பிடத்தக்கது. ‘நிரந்தரம்’ என்று அச்சிடப்பட்ட ஆவணம் கையில் இருக்க, மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்று அவர்களுள் பலர் நினைக்கவில்லை. அவ்வட்டை மட்டுமே இத்திட்டத்தின்கீழ்த் தகுதி அளிக்காது. தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டி விண்ணப்பிக்கும் வாயில் திறந்தேயுள்ளது. ஆனால் 2023 ஆகஸ்டு முதல், காரணம் ஏற்கப்படாவிடில் விண்ணப்பமே செல்லாது.

தாளில்லாச் சான்று

உடன்படிக்கை, சான்று மின்னணு வடிவிலும் இருக்கலாம் என அனுமதிக்கிறது. பிரித்தானியா ஐரோப்பியக் குடிமக்களுக்கு மின்னணு வடிவை மட்டுமே வழங்கியது. தகுதி பெற்றவர் வேலைக்கோ வாடகை வீட்டிற்கோ செல்லும்போது அரசின் இணையதளத்தில் நுழைந்து, எழுத்தும் எண்ணும் கலந்த ஒன்பது குறிகளாலான பகிர்வுக் குறியீட்டைப் பெற வேண்டும். அதனையும் பிறந்த நாளையும் உள்ளிட்டு முதலாளியோ வீட்டுரிமையாளரோ சரிபார்ப்பார். வேலைக்குரிய குறியீடு வீட்டிற்குப் பயன்படாது.

அட்டை என்பது உடையவர் கையில் இருப்பது. குறியீடோ, ஒவ்வொரு முறையும் அரசின் கணினி அளிக்கும் மறுமொழி. கடவுச்சீட்டு மாறினாலோ, தொலைபேசி எண் மாறினாலோ, இருவர் பதிவுகள் கலந்துவிட்டாலோ அம்மறுமொழி கிடைக்காது. முதியோரும் இணையப் பழக்கமற்றோரும் தம் உரிமையைத் தாமே காட்ட இயலாமல் பிறரைச் சார்ந்திருக்க நேர்கிறது. சட்டவிரோதமாகப் பணியமர்த்தும் முதலாளிக்கு, முதல் மீறலுக்கே ஒரு தொழிலாளிக்கு 45,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படுவதால், ஐயம் எழும் இடத்தில் அவர் பொறுமை காப்பார் என எதிர்பார்ப்பதற்கில்லை. தாளில் சான்று வழங்க வேண்டும் என்ற திருத்தத்தைப் பிரபுக்கள் அவை 2020 அக்டோபரில் நிறைவேற்றியது. மக்களவை அதனை ஏற்கவில்லை.

நீதிமன்றத்தின் தலையீடு

இடைக்காலத் தகுதி ஐந்தாண்டுகளுக்கு உரியது. அது முடிவதற்குள் இரண்டாம் முறை விண்ணப்பிக்காதவர் வதிவுரிமையை இழப்பார் என்பது அரசின் விதியாக இருந்தது. 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்நிலையில் இருந்தனர். உடன்படிக்கையின் 159-ஆம் உறுப்பின்படி அமைக்கப்பட்ட சுதந்திரக் கண்காணிப்பு ஆணையம் உள்துறை அமைச்சர்மீது வழக்குத் தொடுத்தது. அரசு நிறுவிய அமைப்பே அரசை எதிர்த்து நீதிமன்றம் சென்றது.

2022 டிசம்பர் 21 அன்று நீதிபதி லேன் அளித்த தீர்ப்பு இரண்டு செய்திகளை நிறுவியது. உடன்படிக்கை அளிக்கும் வதிவுரிமை, அதிலேயே கூறப்பட்ட காரணங்களால் அன்றி இழக்கப்படாது. இரண்டாம் முறை விண்ணப்பிக்கவில்லை என்பது அக்காரணங்களுள் ஒன்றன்று. மேலும், ஐந்தாண்டு நிறைந்து நிபந்தனைகள் நிறைவேறியதும் நிரந்தர உரிமை தானாகவே சேர்கிறது. முதல் விண்ணப்பத்தைக் கட்டாயமாக்கும் முறையை நீதிமன்றம் தொடவில்லை. ஆயின் ஒருமுறை உள்ளே வந்தவர்க்கு, உரிமை முன்னது, சான்று பின்னது என்ற பழைய வரிசையை அது மீட்டளித்தது. அரசு மேல்முறையீடு செய்யவில்லை.

நடைமுறை மெல்லவே மாறியது. 2023 செப்டம்பர் முதல் காலாவதியாகவிருந்த தகுதிகள் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டன. 2024-இல் அது ஐந்தாண்டாக்கப்பட்டது. 2025 ஜனவரி முதல், பதிவேடுகளைச் சரிபார்த்து விண்ணப்பமின்றியே நிரந்தரத் தகுதி வழங்கும் பணி தொடங்கியது. இதிலும் பதிவேட்டில் தடம் உள்ளவரே முதலில் பயன்பெறுகின்றனர்.

புலம்பெயர் தமிழர் நிலை

இத்திட்டம் போலந்து, ருமேனிய மக்களைப் பற்றியது மட்டும் அன்று. 1980-களிலும் 1990-களிலும் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் முதலிய நாடுகளில் தஞ்சம் அடைந்து குடியுரிமை பெற்ற ஈழத்தமிழருள் ஒரு பகுதியினர், பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வி, உறவினர் அண்மை, தொழில்வாய்ப்பு கருதிப் பின்னர் பிரித்தானியாவில் குடியேறினர். இவர்களும் ஐரோப்பியக் குடிமக்கள் என்ற நிலையிலேயே வதிவுரிமை பெற்றவர்கள். குடும்ப இணைவில் காலக்கோடு இவர்களைக் கூர்மையாகப் பிரிக்கிறது. உறவு 2020 டிசம்பர் 31-க்கு முன் இருந்திருந்தால் யாழ்ப்பாணத்திலோ தமிழகத்திலோ உள்ள வாழ்க்கைத்துணை இத்திட்டத்தின்கீழ் வரலாம். அதன்பின் உருவான உறவாயின் பொதுவான குடிவரவு விதிகளே பொருந்தும். அங்கு ஆண்டு வருமான வரம்பு 2024 ஏப்ரலில் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

ஐரோப்பியரிடம் முதலில் நடைமுறைப்படுத்தப்பட்ட தாளில்லாச் சான்று இன்று அனைவருக்கும் உரியதாகிவிட்டது. உயிரளவை வதிவிட அட்டைகள் 2024 டிசம்பர் 31 உடன் காலாவதியாகுமாறு வழங்கப்பட்டிருந்தன; அவற்றின் இடத்தை மின்விசா பிடித்துள்ளது. ஆகவே இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்லும் மாணவரும் செவிலியரும் பொறியாளரும் இதே கணினியின் மறுமொழியையே சார்ந்துள்ளனர். விடுமுறைக்கு ஊர் வந்து புதிய கடவுச்சீட்டு எடுத்தவர் அதன் எண்ணைத் தம் இணையக் கணக்கில் சேர்க்கத் தவறினால், வதிவுரிமை குன்றாதிருந்தும் விமான நிலைய முகப்பில் தடுத்து நிறுத்தப்படலாம். உரிய ஆவணமற்ற பயணி ஒருவரை ஏற்றிச் செல்லும் விமான நிறுவனம் 2,000 பவுண்டு செலுத்த வேண்டும் என்ற விதி இருக்கையில், அங்குள்ள ஊழியர் உடன்படிக்கையின் உறுப்புகளைப் பார்ப்பதில்லை. திரையில் வரும் விடையையே பார்க்கிறார்.