கையெழுத்துக்குப் பக்கத்தில் ஆண்டும் வேண்டும்

வட கலிபோர்னியாவின் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசிக் காட்டை நீருக்கடியில் எடுத்த படம் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே வெள்ளை ஓரத்தில் பென்சில் கையெழுத்து. பக்கத்தில் 12/50 என்ற எண். அச்சிட்ட ஐம்பதில் இது பன்னிரண்டாவது. விலையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான். எந்த ஆண்டு எடுத்தது என்று கேட்பவர் குறைவு. இன்று முதலில் கேட்க வேண்டியதே அது.

1963-இல் நிக்கோனோஸ் கேமரா வந்தபோது ஒரு சுருளில் 36 படங்கள். தண்ணீருக்குள் சுருளை மாற்ற முடியாது. கழுவி வரும்வரை என்ன விழுந்திருக்கிறது என்றும் தெரியாது. இன்று எடுத்த கணத்திலேயே திரையில் பார்த்துவிடலாம், நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். கருவி இப்படி வளர்ந்தது நல்லதுதான். எதிரே இருந்த காடுதான் வளரவில்லை.

அந்தக் கரையின் காடு ‘புல் கெல்ப்’ (bull kelp) என்ற வகை. கயிறு போல் நீண்ட ஒற்றைத் தண்டு. உச்சியில் காற்று நிறைந்த ஒரு குமிழ். குமிழிலிருந்து நாடா நாடாக இலைகள் அலையோடு ஒரே பக்கமாகச் சாயும். பழைய படங்களில் இந்தப் பழுப்புப் பொன்னிறக் கூரைக்குள் வெயில் கீற்றுக் கீற்றாக இறங்கும். இந்தக் கெல்ப்புக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான் ஆயுள். குளிர்காலப் புயல் பிய்த்துப் போகும், வசந்தத்தில் புதிதாக முளைக்கும். முளைவிடும் பருவத்தில் ஒரு அடி விழுந்தால் அந்த ஆண்டுக் காடே இல்லை.

அடி 2013-இல் தொடங்கியது. நட்சத்திர மீன்களுக்கு ஒரு நோய் வந்து, கைகள் கழன்று, உடல் கூழாகக் கரைந்தது. இருபதுக்கும் மேற்பட்ட கைகளோடு ஒரு மீட்டர் அகலம்வரை வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீன்தான் அங்கே ஊதா நிறக் கடல் முள்ளெலிகளைத் தின்று அடக்கி வைத்திருந்தது. அது போயிற்று. முள்ளெலியைத் தின்னும் கடல் நீர்நாய்களை ரோமத்தோல் வியாபாரிகள் அந்தக் கரையில் எப்போதோ துடைத்துவிட்டார்கள். 2014 முதல் 2016 வரை கடல்நீரும் சூடேறிக் கிடந்தது. முள்ளெலிகள் பெருகிக் கெல்ப்பை அடியோடு கடித்துத் தின்றன. அந்தக் கரையின் கெல்ப் காட்டில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. இப்போது அங்கே மூழ்கினால் பல இடங்களில் பாறை முழுக்க ஊதா முட்கள். உள்ளே சதைப்பற்றில்லாத பட்டினி முள்ளெலிகள். சந்தையிலும் விலைபோகாது, ஆண்டுக்கணக்கில் சாகவும் சாகாது. கெல்ப்பைத் தின்று வாழ்ந்த அபலோன் நத்தைகள் பட்டினியால் செத்து, 2018-இல் அவற்றைப் பிடிப்பதற்கும் தடை வந்தது. நட்சத்திர மீன்களைக் கொன்றது ஒரு பாக்டீரியா என்று கண்டறிந்து சொல்ல 2025 ஆகிவிட்டது.

தெற்கே மான்டரேயில் நீர்நாய்கள் இருக்கின்றன. அங்கே காடு திட்டுத் திட்டாகவாவது நிற்கிறது. நம்பிக்கை கொள்ள இடம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் மீட்கப் போகிறவர்களுக்கு எந்தப் பாறையில் எவ்வளவு அடர்த்தியாக இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்குப் பழைய படங்களும் சாட்சி. இடமும் தேதியும் இல்லாவிட்டால் அவை வெறும் அலங்காரம்.

ஆகவே அப்படி ஒரு படத்தை வாங்கப் போகிறவர்கள் கையெழுத்தைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். எந்தக் கரை, எத்தனை அடி ஆழம், எந்த மாதம், எந்த ஆண்டு என்று கேளுங்கள். படத்தின் பின்புறத்தில் எடுத்தவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.