கடலைக் கடக்கும் இருப்புப்பாதை

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதியைத் தீவு என்பர். பெங்களூருவில் தொடர்வண்டி ஏறும் ஒருவர் நிலவழியாகவே தில்லி வரை செல்லலாம். தீவில் வாழ்வோர்க்கோ கரையோடு பாதை முடிந்துவிடுகிறது. அப்பால் செல்லக் கடலைக் கடந்தாக வேண்டும்.

இத்தடையை உலக மக்கள் மூன்று வழிகளில் வென்றுள்ளனர். முதலாவது, சுரங்கம். ஜப்பானின் ஹொன்சு, ஹொக்கைடோ தீவுகளை இணைக்கும் செய்க்கான் சுரங்கப்பாதை 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 54 கிலோமீட்டர் நீளமுள்ள இதில் 23 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் அமைந்துள்ளது. இரண்டாவது, கப்பல். இத்தாலியின் சிசிலித் தீவுக்குச் செல்லும் தொடர்வண்டிப் பெட்டிகள் கப்பலில் ஏற்றப்பட்டு மெசினா நீரிணையைக் கடக்கின்றன. மூன்றாவது, பாலம். இதற்குத் தமிழ்நாட்டின் பாம்பன் பாலம் சிறந்த சான்றாகும்.

இராமேசுவரம் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் இப்பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. இதன் நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. பாலம் அமைந்த கால்வாயில் கப்பல்களும் செல்ல வேண்டியிருந்தது. ஆகவே, நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும்படி அமைக்கப்பட்டது. தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் இயக்கி அதனைத் திறந்தனர்.

பாலம் வந்தபின் 'போட் மெயில்' என்னும் வண்டி சென்னை எழும்பூரிலிருந்து தீவின் முனையான தனுஷ்கோடி வரை சென்றது. பயணிகள் அங்கிருந்து கப்பலில் தலைமன்னாரை அடைந்து, மீண்டும் தொடர்வண்டி ஏறிக் கொழும்பு சென்றனர். தலைமன்னாரும் மன்னார்த் தீவில் உள்ள ஊரே.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு கடும்புயல் வீசியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் வண்டியைப் பேரலைகள் அடித்துச் சென்றன. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தனுஷ்கோடி ஊரும் அழிந்தது. பாம்பன் பாலத்தின் உத்திரங்களுள் பெரும்பாலானவை கடலில் வீழ்ந்தன.

பாலத்தைச் சீரமைக்கும் பொறுப்பு இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. கடலடியில் கிடந்த உத்திரங்களைக் கண்டறிய உள்ளூர் மீனவர்கள் துணைநின்றனர். அவற்றை மீட்டு மீண்டும் பொருத்தியதால், 46 நாள்களில் பாலம் உயிர்பெற்றது. ஆனால், தனுஷ்கோடிக்குச் சென்ற பாதை மீளவில்லை. அன்றுமுதல் இராமேசுவரமே இறுதி நிலையம் ஆயிற்று.

கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும் தன்மையுடையது. நூறாண்டுக்கு மேல் உழைத்த பழைய பாலத்தில் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே எழுப்பப்பட்ட புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது இதன் 72.5 மீட்டர் நீளப் பகுதி, பிளவுபடாமல் நேராக 17 மீட்டர் உயரத்துக்கு மின்விசையால் தூக்கப்படுகிறது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டிகள் நிறுத்தப்படுகின்றன.

கப்பலுக்கு வழிவிட்டும் காற்றுக்குக் காத்திருந்தும் தீவுக்குச் செல்கிறது இவ்வண்டி. கடலின் வலிமையை அறிந்து, அதற்கேற்பப் பணியாற்றுவதே அதனைக் கடக்கும் வழி என்பதைப் பாம்பன் பாலத்தின் வரலாறு உணர்த்துகிறது.

அருஞ்சொற்பொருள்

இருப்புப்பாதை – தண்டவாளம் அமைந்த வழி
நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடைப்பட்ட குறுகிய கடல்
உத்திரம் – தூண்களின்மேல் கிடத்தப்படும் தாங்கு சட்டம்

சிந்தித்து எழுதுக

1. தொடர்வண்டிகள் கடலைக் கடக்கும் மூன்று வழிகள் யாவை?
2. பழைய பாலமும் புதிய பாலமும் கப்பலுக்கு வழிவிடும் முறைகளை வேறுபடுத்துக.
3. பாலத்தை விரைந்து சீரமைக்க மீனவர்களின் பட்டறிவு எவ்வாறு உதவியிருக்கும்?