குழாய்க்கு எதற்கு இத்தனை பணம்?

போன மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் குறைப்பட்டுக்கொண்டார். "சார், பெண்ணைக் கஷ்டப்பட்டு ஃபிஸிக்ஸ் படிக்கவைத்தேன். அணுத்துகள் ஆராய்ச்சி என்றாள். இரண்டு வருஷமாகப் பார்த்தால் குழாயில் குளிர்ந்த திரவத்தை விட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. அதற்குப் பணம் கேட்டு எழுதினால், 'டிடெக்டர் எங்கே? வெறும் குழாய்க்கு எதற்கு இவ்வளவு?' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இதற்கா டாக்டர் பட்டம்?"

நான் துகள் இயற்பியல் படித்தவனல்லன். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, டீசல் ஷெட்டிலேயே தலை நரைத்தவன். ஆனால் சூட்டை வெளியேற்றும் குழாயோடு முப்பது வருஷத்துக்கு மேல் மல்லாடியவன் என்ற முறையில், அந்தப் பெண் படிக்கக் கொடுத்த கட்டுரைகள் எனக்கு ஓரளவு புரிந்தன. நம் வாசகர்களில் பலர் வீட்டிலும் பிள்ளைகள் இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளில் இருப்பதால் எழுதுகிறேன்.

ஜெனிவாவுக்கு அருகே, சுவிட்சர்லாந்து பிரான்ஸ் எல்லையில், செர்ன் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. தரைக்குக் கீழே சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதவைக்கிறார்கள். மோதும் இடங்களில் நிற்பவைதான் டிடெக்டர்கள். அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரண்டும் அவற்றுள் பெரியவை. மோதலில் சிதறும் துகள்கள் எந்த வழியே போயின என்று பதிவு செய்ய, நட்டநடுவில் மெல்லிய சிலிக்கன் தகடுகளை அடுக்கியிருக்கிறார்கள். சி.எம்.எஸ்.ஸில் மட்டும் இந்தச் சிலிக்கனின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர மீட்டர்.

(சுரங்கத்தின் காந்தங்களை ஹீலியத்தால் மைனஸ் 271 டிகிரிக்குக் குளிர்விப்பது தனிக் கதை. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.)

சிலிக்கனுக்கு ஏன் குளிர் வேண்டும்? இரண்டு காரணங்கள். தகடுகளோடு ஒட்டியிருக்கும் மின்னணுச் சில்லுகள் மூடிய டப்பாவுக்குள் பல கிலோவாட் சூட்டைக் கக்குகின்றன. அது போக, மோதல்களின் கதிர்வீச்சு சிலிக்கனை நாளாக ஆகக் கெடுக்கிறது. கெட்ட சிலிக்கனில் மின்சாரம் கசியும். சூடு ஏறத்தாழ ஏழு டிகிரி கூடினால் அந்தக் கசிவு இரட்டிப்பாகும். கசிவு கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் கசிவு கூடும். கடன் வட்டி போலக் கட்டுக்கு அடங்காமல் ஏறிவிடும். ஆகவே சில்லுகள் ஓடும்போது மட்டுமல்ல, நிறுத்தி வைத்திருக்கும்போதும் குளிர்ச்சியிலேயே பாதுகாக்கவேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். டீசல் என்ஜினைப் பிரித்துப் பூட்டியபின் 'லோடு பாக்ஸ்' என்று ஒரு சோதனை செய்வோம. என்ஜின் நகராது. அது உண்டாக்கும் மின்சாரத்தைத் தடைக்கம்பிகளில் விட்டு வெறும் சூடாக்கி வீணடிப்போம். முழுப் பளுவில் ரேடியேட்டர் தாங்குகிறதா, விசிறி சரியான நேரத்தில் சுற்றுகிறதா என்று தெரிந்துவிடும். ஒரு மே மாதம், வண்டிக்கு என்ஜின் இல்லை என்று மேலிடத்திலிருந்து ஓயாமல் போன். புது ரேடியேட்டர் பூட்டிய ஒரு என்ஜினை அரைப் பளுவில் பார்த்துவிட்டு அனுப்பினோம். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். மலைப்பாதை ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து அலாரம் அடித்து நின்றுவிட்டது. பின்னால் இரண்டு பயணி வண்டிகள் நான்கு மணி நேரம் வெயிலில் கிடந்தன. மிச்சம் பிடித்தது டீசலில் சில லிட்டர்.

செர்னிலும் இதே பாடத்தைப் படித்திருக்கிறார்கள். அட்லஸின் சிலிக்கனை, ஃப்ளோரின் கலந்த ஒரு திரவத்தை மைனஸ் 25 டிகிரி அளவில் ஆவியாக்கிக் குளிர்விக்கிறார்கள். நம் ஃப்ரிட்ஜின் தத்துவந்தான், ஆனால் 204 தனித்தனிச் சுற்றுகள், மொத்தம் சுமார் 60 கிலோவாட். திரும்பி வரும் ஆவியைச் சூடாக்கும் ஹீட்டர்கள் 2007இல் கெட்டுப்போய், மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. சரி செய்து ஓட்டினால், 2008 மே மாதம் கம்ப்ரஸர்களின் காந்த இணைப்பு வழுக்கி, ஆறில் மூன்று பழுதாயின. குழாய்களைச் சுத்தம் செய்து மறுபடி ஓட்ட ஆகஸ்ட் ஆகிவிட்டது. செப்டம்பர் 10ஆம் தேதி முதல் புரோட்டான் கற்றை! இதற்கிடையே கற்றை செல்லும் குழாயைச் சுட்டு உள்ளிருக்கும் வாயுவை விரட்ட வேண்டியிருந்தது. சுற்றிலும் குளிர்ச்சி ஓடாமல் அதைச் செய்தால் சிலிக்கன் கருகும். கோடிக்கணக்கில் செலவழித்த டிடெக்டர் ஒரு கம்ப்ரஸருக்காகக் கைகட்டி நின்றது.

அதன்பிறகு செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கம்ப்ரஸரே வேண்டாம் என்று, ஆவியைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய் அங்கே திரவமாக்கி, 92 மீட்டர் கீழே இறங்கவிட்டார்கள். திரவத்தின் எடையே பம்பு. மேல்நிலைத் தொட்டி கட்டிய நம் ஊர் மேஸ்திரிக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனால் அதையும் சிறிய மாதிரி வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டே பெரிதாகக் கட்டினார்கள். கம்ப்ரஸர்களையும் தூக்கி எறியவில்லை, துணைக்கு வைத்துக்கொண்டார்கள்.

சோதனையைத் திட்டமிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. முழு டிடெக்டரையும் வெளியே வைத்துப் பார்க்க முடியாது. சி.எம்.எஸ்.காரர்கள் 2006 நவம்பர் முதல் 2007 ஜூலை வரை, சிலிக்கன் பகுதியில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத் தரைமட்டக் கூடத்தில் இயக்கி, மைனஸ் 15 டிகிரி வரை இறக்கிப் பார்த்தார்கள். நன்றாகவே ஓடியது. ஆனால் சுரங்கத்தில் முழுவதையும் பூட்டி, ஆயிரக்கணக்கான கேபிள்கள் உள்ளே நுழையும் இடங்களை அடைத்தபோது, ஈரக்காற்றை முழுக்கத் தடுக்க முடியவில்லை. குளிர்ந்த குழாயில் ஈரக்காற்று பட்டால் என்ன ஆகும் என்று ஏ.சி. பெட்டியில் தலையில் நீர் சொட்டப் படுத்திருந்தவர்களைக் கேளுங்கள். எனவே 2012 வரையான முதல் ஓட்டம் முழுவதும் திரவத்தைப் பிளஸ் 4 டிகிரியிலேயே வைத்து ஓட்டினார்கள். பிறகு இரண்டு வருஷ நிறுத்தத்தில் இடுக்குகளை அடைத்து, உலர்ந்த வாயுவை உள்ளே செலுத்த வசதி செய்து, அதன்பின்தான் மைனஸ் 15க்கு இறக்கினார்கள். பாகங்களைச் சோதிப்பது வேறு, பாகங்கள் சேரும் மூட்டைச் சோதிப்பது வேறு. எங்கள் ஷெட்டிலும் ஒழுகுவது பெரும்பாலும் ரேடியேட்டர் அல்ல, அதன் ஜாயிண்டுதான்.

இப்போது பணத்துக்கு வருவோம். இந்த டிடெக்டர்களைச் செர்ன் மட்டும் கட்டவில்லை. பல நாட்டு நிதி அமைப்புகள் ஒப்பந்தம் போட்டு, இன்ன பாகத்தை நாங்கள் தருகிறோம் என்று பங்கெடுக்கின்றன. நம் நாடும் சி.எம்.எஸ்.ஸில் இருக்கிறது. அதன் ஒரு பகுதிக்கான சிலிக்கன் தகடுகள் பாபா அணு ஆராய்ச்சி மையமும் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸும் சேர்ந்து செய்தவை. எல்லோருக்கும் பொதுவானவற்றுக்குப் பொதுநிதி என்று தனியே வைக்கிறார்கள். ஓட்டும் செலவில் பொதுவான பகுதியை, எந்த நாட்டில் எத்தனை டாக்டர் பட்டக்காரர்கள் இதில் இருக்கிறார்கள் என்று தலை எண்ணிப் பங்கிடுகிறார்கள். நிதி தருபவர்கள் வருஷத்துக்கு இருமுறை கூடிக் கணக்குப் பார்க்கிறார்கள்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் எந்த நாட்டுக்கும் தன் பெயர் பொறித்த சிலிக்கனைக் கொடுக்கத்தான் ஆசை. சோதனை முடிந்ததும் கழற்றிப் போடப்போகும் குழாய்க்கும் போலி ஹீட்டருக்கும் யார் பெயர் பொறிப்பது? கசிவு பார்க்கும் ஹீலியம், திரும்பத் திரும்பக் குளிர்வித்துச் சூடாக்கும் நாட்கள், இரவில் மீட்டரைப் பார்க்க ஒரு ஆள் என்று எல்லாமே செலவுதான். கையில் எதுவும் மிஞ்சாது. காகிதம்தான் மிஞ்சும். நிதிக்குழுவில் கைவைக்க மிக எளிய இடம் அதுதான் என்பது என் அனுபவம். மார்ச் 31க்குள் செலவாகாத பணம் போய்விடும் என்று அவசரமாக உதிரி பாகம் வாங்கிக் குவித்ததையும், அதே வருஷம் லோடு பாக்ஸ் மீட்டரைப் பழுது பார்க்கப் பணம் இல்லை என்றதையும் நான் கண்டிருக்கிறேன்.

இப்போது பளு இன்னும் கூடப்போகிறது. மோதல்களின் எண்ணிக்கையைப் பல மடங்கு உயர்த்தி 2030இல் இயக்கத் திட்டம். அதற்கான புதிய டிடெக்டர்களில் சி.எம்.எஸ்.ஸில் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோவாட் சூட்டைக் கரியமில வாயுவைக் கொண்டு மைனஸ் 35 டிகிரி, அதற்கும் கீழே குளிர்வித்து எடுக்கவேண்டும். சோடா பாட்டிலில் அடைக்கும் அதே வாயு. மெல்லிய குழாயிலேயே நிறையச் சூட்டை வாங்கிக்கொள்ளும், விலையும் மலிவு. ஆனால் பல பத்து மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஓட்டவேண்டும். இதற்காக அட்லஸும் சி.எம்.எஸ்.ஸும் சேர்ந்தே ஒரு மாதிரி நிலையம் கட்டிச் சோதிக்கிறார்கள். போட்டிக் கடைக்காரர்கள் இருவர் ஒரே தராசை வாங்கிய மாதிரி! இந்தச் செலவைப் பங்கிட்டது புத்திசாலித்தனம் என்பேன்.

நண்பரின் மகள் செய்வதும் இதில் ஒரு சிறு துண்டுதான். சிலிக்கனுக்குப் பதில் சிறு ஹீட்டர்களைக் குழாயில் ஒட்டி, அதே அளவு சூட்டை விட்டுப் பார்க்கிறாள். திரும்பி வந்த விண்ணப்பத்தை இருவருமாக உட்கார்ந்து மாற்றி எழுதினோம். "மாமா, குழாய் என்ற வார்த்தையை எடுத்துவிடலாமா?" என்று கேட்டாள். வேண்டாம் அம்மா, அப்படியே இருக்கட்டும், ஆனால் 2008 மே மாதக் கதையை முதல் பக்கத்திலேயே போடு என்றேன். போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.