கரையும் பனிக் கடல்!

எந்தக் கப்பல் தலைவனாவது தன் கப்பலைத் தானே கொண்டுபோய்ப் பனிக்கட்டியில் சிக்க வைப்பானா? வைத்தார் ஒருவர். நார்வே நாட்டு விஞ்ஞானி நான்சென்தான் அவர்.

1881-ம் ஆண்டில் சைபீரியாவுக்கு வடக்கே ‘ஜானெட்’ என்ற அமெரிக்கக் கப்பலைப் பனிக்கட்டி நொறுக்கி மூழ்கடித்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதன் சிதைவுகள் கிரீன்லாந்துக் கரையில் கிடைத்தன. உடைந்த பலகைகள் பனியோடு மிதந்து வருமானால், உறுதியான கப்பல் ஒன்று ஏன் வரக்கூடாது என்று எண்ணினார் நான்சென். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலே எழும்பும்படி, அடிவயிறு உருண்ட கப்பல் ஒன்றைக் கட்டச் செய்தார். அதன் பெயர் ‘ஃப்ராம்’. ‘முன்னே’ என்று பொருள்.

1893 செப்டம்பரில் ‘ஃப்ராம்’ பனியில் உறைந்தது. 1896 ஆகஸ்டில்தான் விடுதலை கிடைத்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுச் சிறை! இடையில் நான்சென் ஒரு துணைவருடன் நாய் வண்டிகளில் துருவத்தை நோக்கிப் புறப்பட்டார். குன்று குன்றாகக் குவிந்த பனிக்கட்டிகள் வழி மறித்தன. துருவத்துக்கு இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே அவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று.

ஆறே நாளில்!

2019-ம் ஆண்டில் ஜெர்மனியின் ‘போலார்ஷ்டெர்ன்’ என்ற ஆராய்ச்சிக் கப்பல் நான்சென் காட்டிய வழியைப் பின்பற்றியது. பனியில் தன்னைப் பிணைத்துக்கொண்டு மிதந்து, சுமார் பத்து மாதங்களில் பனி விளிம்புக்கு வந்து சேர்ந்தது. அது மிதக்கத் தொடங்கிய இடம் ‘ஃப்ராம்’ தொடங்கிய இடத்தை விட வடக்கே என்பது உண்மை. பனியை உடைத்துச் செல்லும் பலமும் அதற்கு உண்டு.

ஆனாலும் அடுத்து நடந்தது ஆராய்ச்சியாளர்களையே திகைக்க வைத்தது. கிரீன்லாந்துக்கு வடக்கே, பல ஆண்டுப் பழம் பனி இறுகிக் கிடந்த பகுதி வழியாகக் கப்பல் துருவத்துக்குக் கிளம்பியது. வழியில் பல இடங்களில் பனியே இல்லை, வெறும் தண்ணீர்! ஆறே நாளில், 2020 ஆகஸ்ட் 19-ந் தேதி, கப்பல் வடதுருவத்தில் நின்றது.

பாதியாகிவிட்டது

வடதுருவத்தில் நிலம் கிடையாது, கடல்தான். குளிர்காலத்தில் அதன் மேற்பரப்பு உறையும். கோடையில் ஓரளவு கரையும். செப்டம்பரில் பனி மிகவும் சுருங்கிவிடும். 1979 முதல் செயற்கைக் கோள்கள் இதை ஒழுங்காக அளந்து வருகின்றன. அந்த ஆண்டு செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி இருந்தது. 2012 செப்டம்பரில் எஞ்சியது சுமார் 34 லட்சம்தான். அதன்பின் கூடியும் குறைந்தும் வந்தாலும், பழைய அளவை அது எட்டவே இல்லை. இருக்கும் பனியும் மெலிந்துவிட்டது.

வட்டிக்கு வட்டி

ஆளில்லாத கடலில் பனி கரைந்தால் நமக்கென்ன? மிதக்கும் பனி கரைவதால் கடல் மட்டம் உயர்ந்துவிடாதே! வாஸ்தவம்தான். குவளைத் தண்ணீரில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்தால் தண்ணீர் வழிவதில்லை.

நஷ்டம் வேறு வகையில் வருகிறது. வெள்ளைச் சட்டை வெயிலைத் திருப்பி அனுப்பும். கறுப்புச் சட்டை இழுத்துக்கொள்ளும். வெண்பனி படிந்த பனிக்கட்டி, தன்மேல் விழும் வெயிலில் 80 சதவிகிதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். கரிய கடலோ 90 சதவிகிதத்துக்கு மேல் விழுங்கிவிடும். பனி போனால் கடல் சூடாகிறது. சூடான கடல் மேலும் பனியைக் கரைக்கிறது. வட்டிக்கு வட்டி ஏறும் கடன் போலத்தான்! வடதுருவப் பிரதேசம் உலகச் சராசரியை விட இரு மடங்குக்கு மேல் வேகமாகச் சூடாவதற்கு இது ஒரு முக்கிய காரணம். பக்கத்திலேயே கிரீன்லாந்து இருக்கிறது. அங்குள்ள பனி நிலத்தின் மேல் கிடப்பது. அது கரைந்தால் கடல் மட்டம் உயர்ந்தே தீரும்.

இரண்டு பாய் இடம்

முதல் சூடு எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் பெட்ரோலும் எரிவதால் வரும் கரியமில வாயுதான் பெருங்காரணம். 2016-ல் நோட்ஸ், ஸ்ட்ரோவ் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கணக்கை வெளியிட்டனர். ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலந்தால், செப்டம்பர் பனியில் சுமார் 3 சதுர மீட்டர் மறைகிறது. இரண்டு பாய் விரிக்கும் இடம் அது. ஏறத்தாழ 430 லிட்டர் பெட்ரோல் எரிந்தாலே ஒரு டன் வாயு வந்துவிடும்.

2050-க்குள் ஒரு செப்டம்பரிலாவது வடதுருவக் கடல் அநேகமாகப் பனியின்றிக் கிடக்கக்கூடும் என்று சர்வதேச விஞ்ஞானிகள் குழு 2021-ல் எச்சரித்தது. ஆனால் கடற்பனி ஒரேயடியாகத் தொலைந்துவிடுகிற பொருள் அல்ல. பூமியின் உஷ்ணம் தணிந்தால் அது மீண்டும் உறையும். இரு விஞ்ஞானிகளும் போட்ட கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. காற்றில் கலக்காமல் தடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டு பாய் அளவு பனி மிஞ்சும்.