நாற்றமுள்ள பூக்களைத் தரும் சதைச்செடிகள்

மலர் என்றவுடன் நறுமணமே நினைவுக்கு வரும். ஆயினும், அழுகிய இறைச்சியைப் போல நாறும் மலர்களும் உள. சட்டிக்கரணையின் பூ அத்தகையதென்பதைக் கமக்காரர் நன்கறிவர். பூச்சாடியில் வளர்க்கத்தக்க ஸ்டபீலியா என்னும் சதைச்செடியும் இவ்வியல்புடையது. இதன் தாயகம் ஆபிரிக்காவின் வறண்ட பகுதிகளாகும். 1624 ஆம் ஆண்டில் யுஸ்டஸ் ஹேர்னியஸ் என்னும் ஒல்லாந்த மதபோதகர், நன்னம்பிக்கை முனையில் இக்கூட்டத்தைச் சேர்ந்த செடியொன்றைக் கண்டு வரைந்தார்.

இனங்காணல்

இதன் தண்டு நாற்பட்டையானது, இலையற்றது, தொட்டால் மென்மையானது. பட்டைகளின் ஓரத்தில் மிருதுவான சிறு பற்கள் இருக்கும். ஐந்து இதழ்களுடைய பூ நட்சத்திரம் போல விரியும். பெரும்பூ வகையில் அது 10 அங்குலத்துக்கு மேலும் அகன்று, வெளிர்மஞ்சள் நிறத்தில் செந்நிற நெளிகோடுகளைக் கொண்டிருக்கும். காய்கள் கொம்புகள் போல இணையாகத் தோன்றும். வெடித்தால் எருக்கம் விதை போலப் பஞ்சுடன் விதைகள் பறக்கும். இரண்டும் ஒரே குடும்பத்தன.

இச்செடியைச் சதுரக்கள்ளியெனத் தவறாக எண்ணலாகாது. சதுரக்கள்ளியில் கடினமான முட்கள் உண்டு. காயப்பட்டால் வெண்பால் வடியும். அப்பால் கண்ணிற் பட்டால் பார்வைக்குக் கேடு விளையக்கூடும். ஸ்டபீலியாவின் சாறோ நீர் போலத் தெளிந்தது. எனவே ஐயமுள்ள செடியை ஒடித்துப் பாராது, முதலில் முள் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். சிறுவரை அதனருகே விடலாகாது.

நாற்றத்தின் பயன்

நாற்றம் இலையான்களை அழைக்கும் உபாயமாகும். அழுகிய இறைச்சியென மயங்கி வரும் இலையான்களின் உடலில் மகரந்தத் திரள் ஒட்டி, அடுத்த பூவைச் சேர்கிறது. சில இலையான்கள் பூவில் முட்டையும் இடும். ஆனால், பொரிக்கும் புழுக்கள் உணவின்றி மடியும். ஆகவே இச்செடியால் இலையான் பெருகுமென அஞ்சி அதைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. பூ சில நாட்களில் வாடிவிடும். அதுவரை சாடியைச் சமையலறைக்கும் கிணற்றடிக்கும் அப்பால் வைத்தல் போதுமானது.

நடுதலும் பராமரிப்பும்

முற்றிய தண்டொன்றை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை சில நாட்கள் நிழலில் இடுக. அடியில் துளையுள்ள மண்சாடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் பரப்பி, அதன்மேற் பருமணலும் கூட்டெருவும் சம அளவிற் கலந்து நிரப்புக. தண்டை ஆழமாகப் புதைக்காது ஊன்றுக. காலை வெயில் நன்று. கடும் நண்பகல் வெயிலில் தண்டு சிவந்து கருகும்.

மண் நன்கு காய்ந்த பின்னரே நீர் விடுதல் வேண்டும். இச்செடிக்கு வரட்சியிலும் ஈரமே பெரும்பகை. மாரியில் சாடியைத் தாழ்வாரத்தில் வைக்காவிடின் தண்டின் அடி கறுத்து அழுகும். அழுகல் கண்டால் நல்ல பகுதியை வெட்டி உலர்த்தி மீண்டும் நடுக. வெண்பஞ்சு போன்ற பூச்சிகளைச் சவர்க்கார நீரில் தோய்த்த துணியால் துடைத்தகற்றலாம்.

நம் நாட்டுச் செடிகள்

இலங்கையின் வறண்ட பற்றைக் காடுகளிலும் கள்ளிமுளையான் போன்ற இதன் உறவுச் செடிகள் இயற்கையாக உள. அவற்றை வேருடன் பெயர்த்தெடுத்தல் அவ்வினங்களை அருகச் செய்யும். வீட்டுக்கு வேண்டுவது அயலார் சாடியிலிருந்து பெறும் ஒரு தண்டு மட்டுமே.