முன்னேஸ்வரக் கரைக்கு அப்பால்: நம் பெரியவர்கள் வந்த நாடு

முன்னேஸ்வரம் திருவிழாவுக்குப் போகிறவர்கள் பக்கத்திலே சிலாபம் கடற்கரையையும் பார்க்கலாம். "இந்தியா எந்தப் பக்கம்?" என்று பிள்ளைகள் கேட்டால் வடமேற்கே கையைக் காட்டுங்கள். இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் தூத்துக்குடி இருக்கிறது.

எவ்வளவு பெரிசு?

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். இந்தியா ஏறக்குறைய 32.87 லட்சம். அதாவது நம்ம நாட்டைப் போல ஐம்பது மடங்கு! தமிழ்நாடு மட்டுமே இலங்கையைப் போல இரண்டு மடங்கு. நம்ம பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரம். இமயமலையில் உள்ள கஞ்சன்ஜங்கா 8,586 மீட்டர். இமயத்துக்குத் தெற்கே கங்கைச் சமவெளி, மேற்கே தார் பாலைவனம், அதற்கும் தெற்கே தக்காணப் பீடபூமி. மக்கள் தொகை 140 கோடிக்கு மேல். 2023-ல் சீனாவையும் தாண்டிவிட்டது.

மழை ஏன் ஒரே மாதிரி இல்லை?

இது நமக்குத் தெரிந்த கதைதான். தென்மேற்குக் காற்று அடிக்கும்போது அட்டன், மஸ்கெலியாவில் விடாமல் பெய்யும். மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் வெயில் காயும். இந்தியாவிலும் அப்படியே. ஜூன் மாதம் வரும் மேகத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடும். கேரளம் நனையும், தமிழ்நாட்டுச் சமவெளி காயும். அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதுவும் பொய்த்தால் பஞ்சம். 1876–78 பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைப்புத் தேடி நம்மவர்கள் கடல் தாண்டியதற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம்.

ஊர்ப் பெயரை எழுதி வையுங்கள்

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நம் சொந்தங்கள் பலர் திரும்பிப் போனார்கள். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் அவர்கள் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களையோ, பூர்வீக ஊரையோ தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள மாவட்டங்கள் பின்னாளில் பிரிந்துவிட்டன. "இராமநாதபுரம்" என்றிருந்தால் அது இன்றைய சிவகங்கையாகவோ விருதுநகராகவோ இருக்கலாம். "திருச்சி" புதுக்கோட்டையாகவோ கரூராகவோ, "சேலம்" நாமக்கல்லாகவோ தருமபுரியாகவோ இருக்கலாம்.

ஆகவே மாவட்டம் மட்டும் போதாது. கிராமம், தாலுகா இரண்டையும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு யாரிடம் போய்க் கேட்பது? பிள்ளைகள் அந்த ஊரைப் படத்தில் தேடிக் கண்டுபிடிக்கட்டும். பூமிசாத்திரப் பாடமும் அதோடு சேர்ந்து மனதில் பதியும்.